இரண்டு வாஷ்பேசினுக்கு ஒன்பது நாள்

என் அத்தையின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, இரண்டு தகடுகளும் பதினோரு திருகுகளும் இருக்கின்றன. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவளே எண்ணினாள்.

"ஒரு வாஷ்பேசினைச் சுவத்துல மாட்ட ரெண்டு திருகு போதும்," என்றாள். "எனக்குப் பதினொண்ணு போட்டிருக்காங்க. என்ன மரியாதை பாரு."

அவளைப் பற்றி எழுதும்போது, பொய் சொல்லத் தெரியாதவள் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். முடியாது. ஏழு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவிர ஒவ்வொரு நாளும், மாலை மூன்று ஐம்பதுக்கு அவள் ஒரு பொய்யை எழுதி, அதன்மேல் சீல் குத்தி, போட்டோ எடுத்து அனுப்பினாள். அந்தப் பொய்யால் அவளுக்கு ஒரு டீ கூடக் கிடைத்ததில்லை. லாபம் அடைந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களேதான் பிறகு அதை எடுத்து அவள் முகத்தில் வீசினார்கள். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பினாள். அப்பா இறந்த பிறகு அவளும் அம்மாவும் ஒரே வீட்டில், ஒரே அறையில், இரண்டு கட்டில் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு வாழ்வது நடக்காத காரியம் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. ஒட்டிக்கொண்டு என்பது பாதி உண்மைதான். மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்பதில் இருவரும் இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை.

வேலை, குளியலறைச் சாமான்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையில். முன்பக்கம் கண்ணாடியும் விளக்குமாகப் பளபளக்கும் அந்தக் கடையின் பின்பக்கத்தில், லாரி வந்து நிற்கும் முற்றத்தில் அவள் மேசை. இடுப்புயரச் சிமெண்ட் மேடை, ஓர் இரும்பு ஷட்டர், சுவரில் சாய்த்து வைத்த தள்ளுவண்டிகள். வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் விரல் முட்டியால் தட்டுவாள். முழுசாக இருக்கும் பேசின் ஒரு மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்டது வேறு மாதிரி. பெட்டியைப் பிரிக்காமலே "இது போச்சு, தனியா வை" என்பாள். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். டெலிவரி சீட்டில் கடையின் சீலைக் குத்துவதும் அவள்தான் என்பதால் டிரைவர்களுக்கு அவள் பெயர் சீலக்கா.

இப்போது அந்தப் பொய். கடைக்குச் சரக்கு கொண்டுவருவது ஒரு டெலிவரி கம்பெனி. மதிய லோடு நாலு மணிக்குள் சேர வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். சேர்ந்ததற்கு அடையாளமாக, நேரம் எழுதி சீல் குத்திய சீட்டின் போட்டோ நாலு மணிக்குள் அவர்கள் எண்ணுக்கு வந்துவிட வேண்டும். மாதத்தில் மூன்று முறை தாமதமானால் அடுத்த மாதம் அந்த டிரைவருக்கு ட்ரிப் கிடையாது. குடோனிலிருந்து கடைக்கு வரும் வழியில் இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு ரயில்வே கேட். மூன்றரைக்குப் பள்ளி விட்டால் அந்தச் சாலையில் நடந்து வருகிறவன்தான் முதலில் வருவான். நாலு மணிக்குள் லாரி வருவது எந்த டிரைவராலும் முடியாது. சட்டம் போட்டவர்களுக்கும் இது தெரியும்.

அதனால் ஒரு வழக்கம் பழகிப்போனது. காலை லோடு கொண்டுவரும்போதே மதியச் சீட்டையும் டிரைவர் அவளிடம் கொடுத்துவிட்டுப் போவான். மூன்று ஐம்பதுக்கு அவள் சீல் குத்தி அனுப்பிவிடுவாள். லாரி அப்போது ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருக்கும். அவள் என்றைக்காவது இரண்டு நிமிடம் பிந்தினால் கம்பெனியிலிருந்தே போன் வரும். டிரைவர்களுக்கு ட்ரிப் பிரித்துக் கொடுக்கும் ஆள். ட்ரிப் சார் என்று பெயர்.

"என்னக்கா, இன்னும் போட்டோ வரலை?"

"வண்டியே வரலையே சார்."

"வண்டிய யாரு கேட்டா? சீட்ட அனுப்புங்க."

மதிய லோடு பெரும்பாலும் பென்சில் என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவருடையது. ஆள் ஒல்லி, நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். "அக்கா, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்க்கா," என்பான். "முதல்ல உன் வண்டிக்கு ரிவர்ஸ் சத்தத்தைப் போடு," என்பாள் அத்தை. அது கெட்டுப்போய்ப் பல மாதம். அதற்கு முன்பே, செலவு மிச்சம் என்று லாரியில் வரும் கிளீனர்களையும் கம்பெனி நிறுத்திவிட்டது. பின்னால் நின்று "வா, வா, ஒடி, போதும்" என்று சொல்ல ஆள் இல்லை. அதையும் அத்தையே செய்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நாலு இருபத்தைந்துக்கு அவள் "போதும்" என்று சொன்ன பிறகும் லாரி நிற்கவில்லை. லாரியின் பின்பக்கத்துக்கும் சிமெண்ட் மேடைக்கும் நடுவில் அவள் இடது கால் மாட்டிக்கொண்டது. சீட்டு மூன்று ஐம்பதுக்கே போய்விட்டிருந்தது.

நான் ஐந்து வருடமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவின் போன் வந்த நாலாம் நாள் வீட்டில் இருந்தேன். அதற்குள் அத்தைக்கு ஒரு அறுவை முடிந்திருந்தது. எலும்பு சரியாகச் சேரவில்லை என்றும், ஆறு மாதத்துக்குள் இன்னொரு அறுவை செய்தால்தான் கால் ஊன்றி நடக்க முடியும் என்றும், இல்லாவிட்டால் ஊன்றுகோல் ஆயுளுக்கும் கூட வரும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். முதல் அறுவைக்கே அம்மாவின் வளையல்கள் போய்விட்டன. இரண்டாவதற்குக் கம்பெனி பணம் தந்தால்தான் உண்டு.

மூன்றாவது வாரம் கம்பெனி ஆள் வந்தார். கையில் ஆப்பிள் பை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்து, அத்தையின் காலைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேசினார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. கம்பெனிக்கு இதுல எந்தப் பொறுப்பும் கிடையாது. இருந்தாலும் மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கில்ல? உங்க நாலு மாசச் சம்பளம். இதுல ஒரு கையெழுத்து போட்டா, நாளைக்கே பணம்."

நாலு மாதச் சம்பளம் அறுவையில் பாதிக்குக் கூடப் போதாது. ஆனாலும் அம்மா சொன்னாள், "போட்டுடு. இவங்களோட வழக்காட நமக்கு ஆள் இருக்கா, காசு இருக்கா? கெடச்சத வாங்கிட்டு மீதிக்கு வழி பார்ப்போம்."

அத்தை பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினாள். காகிதம் மூன்று பக்கம். நான் அதை அவள் மடியிலிருந்து எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது பக்கத்தில் இருந்தது. சத்தமாகவே படித்தேன்: "மாலை 3.50 மணிக்கு சரக்கு ஒப்படைக்கப்பட்டு, ஓட்டுநரின் பணி முடிவடைந்த பின்னர், மேற்படி ஓட்டுநர் தனது சொந்த விஷயமாக மேற்படி பெண்ணைச் சந்திக்கச் சென்றிருந்தபோது..."

பிறகு அம்மா எழுந்தாள். இரண்டு நிமிடம் முன்னால் கையெழுத்து போடச் சொன்ன அதே அம்மா.

"என்னது? சொந்த விஷயமா? அந்த எலும்புக்கூட்டையா? ஏன்யா, இவ ஒருத்தனைப் பார்க்கணும்னு நெனச்சிருந்தா முப்பது வருஷத்துக்கு முன்னாடி நாங்க கொண்டுவந்த மாப்பிள்ளைல ஒருத்தனப் பார்த்திருப்பாளே! லாரிக்குப் பின்னாடி நின்னா பார்ப்பா?"

"அம்மா, அது சும்மா. சட்ட பாஷை. எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம்."

அத்தை பேனாவின் மூடியைத் திரும்ப மாட்டினாள். "உங்க வீட்டம்மாவுக்கு அடிபட்டாலும் இப்படித்தான் எழுதுவீங்களா சார்?"

"மரியாதையா பேசுங்க."

"நீங்க மரியாதையா எழுதுங்க. நான் மரியாதையா பேசறேன்."

கடைசிப் பக்கத்தில் பென்சிலின் வாக்குமூலம் இணைத்திருந்தது. கீழே அவன் கையெழுத்து. அத்தை அதைத்தான் நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஆப்பிள் பையை என்னிடம் காட்டி, "அவர்கிட்ட கொடுத்துடு," என்றாள். நான் வாசல்வரை போய்க் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றார். அவர் ஸ்கூட்டரின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில். லிப்ட் கிடையாது. காலொடிந்தவர்களின் வழக்கு எடுக்கிறவருக்கு இப்படி ஓர் அலுவலகம். அத்தையால் ஏற முடியாது என்று போன் செய்ததும் அவரே இறங்கி வந்துவிட்டார். ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் காகிதங்களைப் பரப்பி, நின்றுகொண்டே படித்தார்.

"சீல் உங்களோடதுதானே?"

"ஆமாம்மா."

"நேரம் எழுதினதும் நீங்கதான்?"

"நான்தான்."

"அப்ப இந்த வழக்குல உங்களுக்கு முதல் எதிரி நீங்கதான்."

"எழுதலைன்னு சொல்லிடலாமா?" என்று அம்மா கேட்டாள்.

"சீல் என்னோடது இல்லைன்னு இன்னிக்குச் சொன்னா, கால் உங்களோடது இல்லைன்னு நாளைக்கு அவங்க சொல்லுவாங்க. பொய்யா எழுதினேன்னு ஒத்துக்கணும். அது மட்டும் போதாது. நாலு இருபத்தஞ்சுக்கு வண்டியில சரக்கு இருந்துச்சுன்னு காட்டணும். வண்டி எங்க நின்னுச்சுன்னு காட்டற கருவி இருக்கா?"

கம்பெனியைக் கேட்டு எழுதினோம். 'பழுது' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. லாரியிலிருந்து சரக்கு இறக்கிய கடை லோடுமேன்கள் இருவரும், எப்போது இறக்கினோம் என்பதை அன்று சாயங்காலமே மறந்துவிட்டிருந்தார்கள். மறக்கவைத்தவர் கடை மேனேஜர். டெலிவரி கம்பெனி அவருக்கு லாரி வாடகையில் சலுகை தருகிறது. பத்தொன்பது வருடம் தன் கடையில் வேலை பார்த்தவளுக்கு ஒரு போன் செய்தார், அதுவும் இதற்காக.

"நேரத்தை முன்னாடியே போட்டேன்னு வெளியில வாயைத் தொறந்தீங்கன்னா, கால் சரியானாலும் இங்க வரவேணாம். சொல்லிட்டேன்."

போனை வைத்த பிறகு அத்தை அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. மின்விசிறியை அம்மா நாலில் வைத்தபோது கூட ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பயந்துபோய் அவளாகவே இரண்டுக்குக் குறைத்தாள்.

மறுநாள் தாடி வந்தார். லோடுமேன்களில் மூத்தவர். மறந்துபோனவர்களில் ஒருவர். பெட்டிகள் தூக்கித் தூக்கி ஒரு தோள் தாழ்ந்தவர். வாசலிலேயே நின்றார்; உள்ளே வரவும் கூச்சம், போகவும் மனமில்லை.

"எனக்கு மூணு பிள்ளைங்க சீலக்கா," என்றார்.

"நான் உன்கிட்ட சாட்சி கேட்டேனா? உட்காருய்யா. அன்னிக்கு இடிச்சதுல எத்தனை உடைஞ்சுது?"

"என்னக்கா?"

"பேசின். எத்தனை உடைஞ்சுது?"

"ரெண்டு. கடைசி வரிசையில இருந்தது."

அத்தை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உடைசல் சீட்டு யாரு போட்டா?"

"நீங்கதான் இல்லையே. மேனேஜரே போட்டார். கம்பெனிலேருந்து ஆள் வந்து பார்த்துட்டுப் போனாங்க. பணம் கூட வந்துடுச்சே. ஒன்பது நாள்ல."

வழியில் உடையும் பொருளுக்குக் கம்பெனி பணம் தர வேண்டும். அதற்கு ஒரு சீட்டு உண்டு. எங்கே, எப்போது, எப்படி உடைந்தது என்று எழுதி, ஒரு பிரதியை உடைந்த பொருளின் மேலேயே ஒட்டிவைக்க வேண்டும். கம்பெனி ஆள் வந்து பார்த்துத் தன் சீலைக் குத்திய பிறகு அந்தப் பொருள் கடையின் பின்னால் கிடக்கும், பழைய சாமான்காரன் அள்ளிக்கொண்டு போகும்வரை. இந்த ஏற்பாட்டைக் கடையில் கொண்டுவந்தவளே அத்தைதான்.

இரண்டு வாஷ்பேசினுக்கு ஒன்பது நாளில் பணம் வந்துவிட்டது. ஒரு மனுஷிக்கு மூன்றாவது வாரம் ஆப்பிள் வந்தது, கூடவே அவள் நடத்தையைப் பற்றி ஒரு வரியும்.

அன்று மதியமே போனேன். கடையின் முன்வாசல் வழியாக, சாமான் வாங்க வந்தவளாக. உடைந்தது இருந்தால் மலிவாகக் கிடைக்குமா, தோட்டத்தில் செடி வைக்க வேண்டும் என்றேன். எங்கள் வீட்டில் தோட்டம் கிடையாது. விற்பனையாளர் பின்பக்கம் அனுப்பினார். மழையில் நனைந்து கிடந்த குவியலில், ஓரம் பெயர்ந்த ஒரு வெள்ளை பேசினின் அடியில் பிளாஸ்டிக் டேப் போட்டு ஒட்டியிருந்தது அந்தச் சீட்டு. மேனேஜரின் கோணல் எழுத்து: 'இறக்கும் முன், வண்டிக்குள், மேடையில் இடித்ததில் உடைந்தது. மாலை 4.25.' அதற்குக் கீழே டெலிவரி கம்பெனியின் நீல சீல்: 'சரிபார்க்கப்பட்டது. தொகை வழங்கலாம்.'

பணம் கட்டி, ரசீதும் வாங்கிக்கொண்டு, பேசினை மடியில் வைத்து ஆட்டோவில் வந்தேன்.

"வீட்டுல இருக்கற குழாயே ஒழுகுது," என்றாள் அம்மா. "இவ உடைஞ்ச பேசின வாங்கிட்டு வந்து நிக்கறா."

அத்தை சீட்டைப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது, துக்கத்தில் அல்ல. "எனக்கு அடிபட்ட நேரம் அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குடி," என்றாள். "நிமிஷம் தப்பாம தெரிஞ்சிருக்கு. பேசினுக்காக எழுதியிருக்கான்."

இழப்பீட்டு விசாரணை நடக்கும் அறை சின்னது. அதிகாரியின் மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு, காற்று வராத ஒரு ஜன்னல். எதிர்ப்பக்க பெஞ்சில் கம்பெனி ஆள், அவருக்குப் பக்கத்தில் பென்சில். 'இது உன் வாக்குமூலமா?' என்று கேட்டதற்கு 'ஆமா சார்' என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவன், பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. கம்பெனியின் வக்கீல் மென்மையான குரல்காரர். ஒவ்வொரு கேள்வியிலும் ஓர் 'அம்மா' இருந்தது.

"இது உங்க சீலா அம்மா?"

"என்னோடதுதான்."

"மூணு ஐம்பதுன்னு எழுதியிருக்கறது?"

"என் கையெழுத்து."

"அப்ப நாலு இருபத்தஞ்சுக்கு அந்த வண்டி எதுக்கு அங்க வந்துச்சு அம்மா?"

"சரக்கு இறக்க."

"சரக்கு மூணு ஐம்பதுக்கே வந்துடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

"பொய்யா எழுதினேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. தன் காகிதங்களை ஒருமுறை புரட்டினார். "ஒரு நாள் மட்டும் பொய்யா எழுதினீங்களா?"

"ஏழு வருஷமா. கணக்கு போட்டுக்கோங்க."

"ஏழு வருஷம் பொய் எழுதினவங்க இன்னிக்கு மட்டும் உண்மை சொல்றீங்கன்னு எப்படி அம்மா நம்பறது?"

"என்னை நம்ப வேணாம்," என்றாள் அத்தை. "அந்த பேசினைக் கேளுங்க."

நானும் வக்கீலம்மாவின் குமாஸ்தாவும் சாக்குப்பையிலிருந்து எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தோம். காய்ந்த மண் கொஞ்சம் கோப்புகளின்மேல் உதிர்ந்தது. அதிகாரி முகம் சுளித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து, அடியில் இருந்த சீட்டைப் படித்தார். நிமிர்ந்து கம்பெனி ஆளைப் பார்த்தார்.

"இதுக்குப் பணம் கொடுத்தீங்களா?"

"அது வேற பிரிவு சார்."

"வேற கம்பெனியா?"

"கம்பெனி அதேதான் சார். உடைசலுக்குத் தனிப் பிரிவு."

"சரி. அந்தப் பிரிவுக்கு வண்டி நாலு இருபத்தஞ்சுக்குச் சரக்கோட நின்னது தெரியும். உங்க பிரிவுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

கம்பெனி ஆள் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்தார். "வேற பிரிவு சார்," என்று இன்னொரு முறை சொன்னார் கம்பெனி ஆள், குரல் இறங்கி.

தீர்ப்பு விபத்து நடந்த ஐந்தாவது மாதம் வந்தது. விபத்து டிரைவரின் வேலை நேரத்தில், வேலையின் பொருட்டு நடந்தது; கம்பெனி பொறுப்பு. முப்பது நாளுக்குள் பணம் தர வேண்டும். அறுவைக்குப் போதும். அம்மா அழுதாள். ஆனால் மொத்தத்தில் முப்பது சதவீதத்தைக் கழித்திருந்தார்கள். கோருபவர் தானே பொய்யான நேரத்தைப் பதிந்து குழப்பத்துக்கு இடம் கொடுத்தார். லாரிக்குப் பின்னால் நின்றது அவருடைய வேலையே அல்ல. அதற்குத்தான் முப்பது. வேலையும் இல்லாமல், சம்பளமும் இல்லாமல் போன மாதங்களெல்லாம் அந்த முப்பதுக்குள் அடங்கிவிட்டன. மேனேஜர் சொன்னபடியே செய்தார். போலி நேரம் பதித்த குற்றத்துக்காக வேலைநீக்கக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. அதில் குத்தியிருந்த சீல் அவளுடையதுதான். இப்போது வேறு யாரோ குத்துகிறார்கள்.

பென்சிலின் 'சொந்த விஷயம்' பற்றித் தீர்ப்பில் ஒரே சொல்: 'நிரூபிக்கப்படவில்லை.'

"நிரூபிக்கப்படலையாம்!" என்றாள் அத்தை. அறுவைக்குத் தேதி குறித்த காகிதத்தை அம்மா நீட்டியதைக் கவனிக்கவே இல்லை. "அப்ப இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டிருந்தா நிரூபிச்சிருக்கலாமா? பொய்யின்னு எழுத இவங்களுக்கு என்ன வலிக்குது? என் பொய்க்கு முப்பது கழிச்சாங்கல்ல, அவங்க பொய்க்கு எவ்வளவு கழிச்சாங்க?"

"விடுடி. கால் முக்கியம்."

"கால் முக்கியம்தான் அண்ணி. அதுக்காக மத்ததெல்லாம் இனாமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா திறந்தாள். வாசலில் பென்சில். முன்பைவிட இளைத்திருந்தான், அது முடியும் என்றே நான் நினைத்திருக்கவில்லை.

"யாரு?" என்றாள் அம்மா. "ஓ, நீங்களா! சொந்த விஷயமா வந்திருக்கீங்களா?"

செருப்பைக் கழற்றியவன் திரும்ப மாட்டப் போனான். "உள்ள வரச் சொல்லுங்க அண்ணி," என்று அத்தையின் குரல் கேட்டது.

உள்ளே வந்து, கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றான். "மன்னிச்சிடுங்கக்கா."

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சியா?"

"படிச்சேன்."

"என்னைப் பத்தி எழுதியிருந்த வரியையும்?"

"படிச்சேங்க்கா. போடலைன்னா ட்ரிப் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"போட்டதுக்கு ட்ரிப் கொடுத்தாங்களா?"

"தீர்ப்பு வந்த மறுநாள் நிறுத்திட்டாங்க."

அம்மா 'ஹூம்' என்று ஒரு சத்தம் போட்டாள். அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கோபத்தை அவ்வளவு அமைதியான முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

"ரிவர்ஸ் எடுக்கும்போது உன் காதுல போன் இருந்துச்சு," என்றாள். "பக்கக் கண்ணாடியில பார்த்தேன்."

நானும் அம்மாவும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். இதை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை.

"வக்கீலம்மாகிட்ட கூடச் சொல்லலை. சொன்னா உன் லைசன்ஸ் போயிடும், ரெண்டு பொண்ணுங்க படிக்குதுன்னு வாயை மூடிக்கிட்டேன். காலைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தும்போதே முடிவு பண்ணிட்டேன், இதைச் சொல்லக் கூடாதுன்னு. நீ என்னடான்னா அங்க உட்கார்ந்து, என்னைப் பார்க்க வந்தேன்னு கையெழுத்து போட்டுட்டு வந்திருக்கே."

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அத்தை அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் போல.

"யார்கூடப் பேசிட்டிருந்தே?"

"ட்ரிப் சார் கூட."

"என்ன?"

"அவர்தான் கூப்பிட்டார்க்கா. இதை இறக்கினதும் இன்னொரு லோடு, அஞ்சு மணிக்குள்ள குடோன்ல நிக்கணும்னார். எடுக்கலைன்னா திட்டுவார். இறங்கிப் பேசறேன்னு சொன்னேன், வைக்காதேன்னுட்டார்." பையிலிருந்து போனை எடுத்தான். திரையில் ஓர் ஓரம் உடைந்திருந்தது. "அழைப்பு நேரம் இருக்கு. நாலு இருபத்துமூணு. அவர் நம்பர்."

"அஞ்சு மாசமா வெச்சிருக்கியா?"

"அழிக்க மனசு வரலை."

பணி முடிந்து சொந்த விஷயமாகப் போன டிரைவரோடு, லாரி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தபோது, அவனுடைய கம்பெனியே போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கேட்டுக்கோ," என்றாள் அவனிடம். "என் பொய்க்குன்னு முப்பது பிடிச்சிருக்காங்க. மேல்முறையீடு போடறேன். அந்தப் பொய்யைத் தினமும் யாரு எழுதச் சொன்னாங்கன்னு நீ வந்து சொல்லணும். வாக்குமூலம் யாரு எழுதிக் கொடுத்தாங்கன்னு சொல்லணும். போன்ல யாரு இருந்தாங்கன்னும் சொல்லணும்."

"சொன்னா லைசன்ஸ் போயிடும்க்கா."

"போகும்."

"பொண்ணுங்க..."

"உன் பொண்ணுங்களுக்காகத்தான் இத்தனை மாசம் நான் வாயை மூடினேன். இனிமே முடியாது. நீயா சொன்னா நீ சாட்சி. நான் சொன்னா நீ குற்றவாளி. எது வேணும்னு நீயே பார்த்துக்கோ."

அம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், டம்ளரை மேசைமேல் ஓசை வர வைத்து. குடித்தான்.

"என்னை மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"இல்லை. வியாழக்கிழமை பத்து மணி. வக்கீலம்மா கீழ இறங்கி வருவாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வருவானா என்று அம்மா நாலு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். வரமாட்டான் என்றேன் நான். அத்தை மேல்முறையீட்டுக்கு வேண்டிய தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் ஆட்டோ ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றது. பென்சில் அங்கே இருந்தான், சவரம் செய்த முகத்தோடு. அத்தை இறங்குவதற்காக ஓடிவந்து கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. என் தோளைப் பிடித்து இறங்கி, ஊன்றுகோலை அக்குளில் பொருத்திக்கொண்டு, கடை ஆளைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இவர் போன்ல ஒரு அழைப்பு நேரம் இருக்கு. அதைப் படமெடுத்துப் பத்து காப்பி போடுங்க," என்றாள். பிறகு அவனிடம் திரும்பினாள். "காசு நீ கொடு."